செங்கால் நாரை என்று நான் பதிந்த பறவை

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலை. புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலைத் தாண்டி, நாகப்பட்டினம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்தியிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ தூரம். அந்த வருஷம் ஐப்பசி மழையில் பயிர் அழுகிப்போன வயல் ஒன்று, மறு நடவு இல்லாமல் தண்ணீரோடு கிடந்தது. பனி இன்னும் விலகவில்லை. தண்ணீருக்கு நடுவில் ஆறு பெரிய பறவைகள். வெள்ளை உடம்பு, இறக்கையில் கறுப்பு, கால் சிவப்பு.

செங்கால் நாரை! பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பாட்டின் பறவை, வீட்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. கை நடுங்க ஏழெட்டுப் படம் எடுத்தேன்.

பக்கத்து வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, அப்புடிப் பாக்குற?"

"செங்கால் நாரைக்கா. ரொம்ப அபூர்வம். வெளிநாட்டுலேருந்து வருது."

"எது, அதுவா? அது நத்தகுத்தி. வருஷா வருஷம் வர்றதுதான்."

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். படித்தவன் நான், பைனாகுலர் வைத்திருப்பவன் நான். வீட்டுக்கு வந்ததும் இ-பேர்ட் தளத்தில் "வெண்ணாரை – 6" என்று பதிந்தேன். சாயங்காலம் டீக்கடையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டு காரியத்தைப் பற்றியது. ஒன்று தப்பு. இன்னொன்று அதைவிடப் பெரிய தப்பு.

பாட்டே ஒரு அடையாளக் குறிப்பு

சத்திமுத்தம் தஞ்சாவூர் மாவட்டத்தில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில், பட்டீஸ்வரத்தை ஒட்டி இருக்கிற ஊர். அந்த ஊர்ப் புலவர் மதுரைக்குப் போய், குளிரில் போர்த்திக்கொள்ளத் துணிகூட இல்லாமல் முடங்கிக் கிடக்கும்போது, வானத்தில் போகும் நாரையைக் கூப்பிட்டு மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பும் தனிப்பாடல் நம்மில் பல பேருக்குத் தெரியும். வறுமைப் பாட்டு என்றுதான் வகுப்பில் சொல்லித் தருவார்கள். பறவை பார்ப்பவன் கண்ணோடு படித்தால் அதற்குள் நாலு தகவல் இருக்கிறது.

ஒன்று, கால் சிவப்பு. இரண்டு, அலகு பிளந்த பனங்கிழங்கு போல, பவள நிறத்தில், கூர்மையாக. மூன்று, தெற்கே குமரி வரை போய்விட்டு வடக்கே திரும்புகிறது. நான்கு, அப்போது குளிர்காலம்.

இப்போது இந்த ஊரில் பார்க்கக்கூடிய பெரிய வெள்ளை நாரைகளை இந்த நாலோடு பொருத்திப் பாருங்கள்.

மஞ்சள்மூக்கு நாரைக்குக் காலில் இளஞ்சிவப்பு உண்டு. ஆனால் அலகு மஞ்சள், நுனி கொஞ்சம் கீழே வளைந்திருக்கும். மார்பில் கறுப்புப் பட்டை, வாலுக்கு மேலே ரோஜா நிறத் தூவி. பனங்கிழங்கு வளையாது, பவளம் மஞ்சளாக இருக்காது. இது இல்லை.

நத்தைகுத்தி நாரைக்கு அலகு சாம்பலும் கொம்பு நிறமும் கலந்தது. மேல் அலகும் கீழ் அலகும் நுனியில்தான் சேரும், நடுவில் ஓர் இடைவெளி. கிழங்கைப் பிளந்தால் இரண்டு பாதி ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும், நடுவில் சந்து விழாது. இதுவும் இல்லை.

வெண்ணாரைக்கு நீண்ட, நேரான, நுனி கூர்த்த சிவப்பு அலகு, சிவப்புக் கால். அதோடு இது நம் ஊரில் கூடு கட்டும் பறவையே இல்லை, குளிர்காலத்துக்கு மட்டும் வருவது. நாலும் பொருந்துகிறது. அதனால்தான் பறவை ஆர்வலர்கள் பலர் பாட்டின் பறவை வெண்ணாரை என்று கொள்கிறார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் பனங்கிழங்கு. பொங்கலை ஒட்டித்தான் நம் கடைத்தெருவில் பனங்கிழங்குக் கட்டுகள் குவியும். வேகவைத்து, நடுவில் பிளந்து, உள்ளே இருக்கும் தும்பை எடுத்துவிட்டுச் சாப்பிடுவோம். நாரை தென்னாட்டில் இருக்கிற அதே மாதங்கள். புலவர் உவமையை எங்கேயோ தேடிப் போகவில்லை, அந்தப் பருவத்தில் கையில் இருந்ததை எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

குமரியும் அப்படித்தான். வெண்ணாரை இறக்கையை அடித்து அடித்துப் பறக்கும் பறவை இல்லை. தரை சூடேறி மேலே எழும்பும் காற்றில் ஏறி, வட்டமிட்டு உயர்ந்து, அங்கிருந்து சறுக்கி அடுத்த காற்றைப் பிடிக்கும். கடல்மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால்தான் ஐரோப்பிய வெண்ணாரைகள் மத்தியதரைக் கடலை நேராகக் கடக்காமல், ஒரு கூட்டம் ஜிப்ரால்டர் வழியாகவும் இன்னொரு கூட்டம் பாஸ்பரஸ் வழியாகவும் சுற்றிப் போகின்றன. நிலம் முடிகிற இடத்தில் திரும்புவது இந்தப் பறவைக்குப் பொருத்தமான குணம்.

நம்மவர்கள் நாரை வடக்கே போகும் என்று பாட்டிலேயே பாடிவைத்திருக்கும்போது, ஐரோப்பாவில் பறவைகள் குளிர்காலத்தில் எங்கே மறைகின்றன என்பது ரொம்ப நாள் விவாதமாக இருந்தது. சேற்றுக்கடியில் தூங்குகின்றன என்று நம்பியவர்களும் உண்டு. 1822இல் ஜெர்மனியில் கிளூட்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வெண்ணாரையைச் சுட்டார்கள். அதன் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று குத்தி நின்றது. அந்த ஈட்டியோடேயே அது அவ்வளவு தூரம் பறந்து வந்திருந்தது. பாடம் செய்த அந்தப் பறவை இன்றும் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இந்தியாவுக்கு வருபவை பெரும்பாலும் மத்திய ஆசியாவில் கூடு கட்டுபவை. இன்றும் தமிழ்நாட்டில் குளிர்காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படுகின்றன.

அலகுக்கு நடுவே வானம்

பதிந்த மூன்றாம் நாள் இ-பேர்ட் மதிப்பீட்டாளரிடமிருந்து மின்னஞ்சல். அந்தத் தளத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் மாதத்துக்கும் எந்தப் பறவை எத்தனை வரை வழக்கம் என்று ஒரு சல்லடை வைத்திருப்பார்கள். அதில் சிக்காத பதிவு, தன்னார்வலர் ஒருவரின் பார்வைக்குப் போகும். அவர் கேட்டது ஒரே வரி: படம் இருக்கிறதா?

படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். பனி, தூரம், எல்லாம் மங்கல். ஆனால் கடைசிப் படத்தில் ஒரு பறவை தலையைத் தூக்கியிருந்தது. அலகுக்கு நடுவில் வெளிச்சம். மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் இடையே மெல்லிய பிறை மாதிரி வானம் தெரிந்தது. இன்னொன்று பறக்க எழும்பியிருந்தது. அதன் வால் கறுப்பு. வெண்ணாரைக்கு வால் வெள்ளை. உயரத்தையும் நான் கவனிக்கவில்லை: நத்தைகுத்தி 70–80 செ.மீ., வெண்ணாரை 100 செ.மீ.க்கு மேல்.

அக்கா சொன்னதுதான் சரி.

ஏன் ஏமாந்தேன் என்று பிறகு யோசித்தேன். கோடையில் நத்தைகுத்தி அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும். இனப்பெருக்கக் காலம் வந்தால் உடம்பு பளிச்சென்று வெளுக்கும், காலில் சிவப்பு ஏறும். தென்னிந்தியாவில் அந்தக் காலம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கார்த்திகை, மார்கழி, தை. சரியாக வெண்ணாரை வரக்கூடிய அதே மாதங்கள். ஆக, நத்தைகுத்தி வெண்ணாரை போலத் தோன்றும் நாளும், வெண்ணாரையை எதிர்பார்த்து நாம் கண்ணைத் தீட்டிக்கொண்டு நிற்கும் நாளும் ஒன்றாகவே அமைகின்றன. நான் பார்த்தது பறவையைப் பாதி, பாட்டைப் பாதி.

அந்த இடைவெளி எதற்கு என்பதும் சுவாரசியமான கதை. பாக்குவெட்டி போல நத்தை ஓட்டை நசுக்குவதற்குத்தான் என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். ஜூலியன் ஹக்ஸ்லியும் 1960இல் இதை ஆராய்ந்து, பாக்குவெட்டி போன்ற அமைப்பு என்றே எழுதினார். நசுக்குவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வயல் நத்தையின் வாயை ஒரு மூடி அடைத்திருக்கும். நாரை ஓட்டைத் தரையில் அழுத்தி, கூரான அலகு நுனியை அந்த மூடிக்கு உள்ளே செலுத்தி, தசையை அறுத்துச் சதையை மட்டும் உருவி எடுக்கிறது. வரப்போரம் முழுசாக, காலியாகக் கிடக்கும் நத்தை ஓடுகளை எடுத்துப் பாருங்கள், புரியும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும்.

டீக்கடையில் சொன்னது

பதிவைத் திருத்தினேன். அது ஒரு நிமிஷ வேலை. இரண்டாவது தப்பைத் திருத்த முடியவில்லை.

அடுத்த வாரம் அதே வயலுக்குப் போனபோது பறவை ஒன்றுகூட இல்லை. வரப்பில் இரண்டு மூங்கில் குச்சி நட்டிருந்தது. தண்ணீரில் வெள்ளை இறகுகள் மிதந்தன. மடையான் இறகும் கலந்திருந்தது. அக்கா வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ராத்திரி யாரோ வலை கட்டியிருக்காங்க தம்பி. நீதான டீக்கடையில பெரிய நாரை எறங்கியிருக்குன்னு சொல்லிட்டிருந்த?"

என் பேச்சால்தான் நடந்தது என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. டெல்டாவில் மடையான், கொக்கு, உள்ளான் பிடிப்பது புதிதில்லை. இரவில் வலை, பகலில் கண்ணி. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். அது தெரிந்தவர்களும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். "அபூர்வப் பறவை" என்று நான் சொன்னது அவர்கள் காதில் "பெரிய பறவை" என்று விழுந்திருக்கும். எடை கூடினால் விலை கூடும்.

அன்றிலிருந்து எங்கே பார்த்தேன் என்று கடைத்தெருவில் சொல்வதில்லை. கூடு இருந்தால் பதிவைக்கூடக் குஞ்சுகள் பறந்த பிறகுதான் போடுகிறேன். வலையோ கண்ணியோ கண்ணில் பட்டால் நானே போய் அறுக்காமல், படமும் நேரமும் குறித்து வனத்துறைக்குச் சொல்கிறேன்.

எது வழக்கம் என்று தெரிந்தால்தான்

அபூர்வத்தைத் தேடி அலைவதை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தேன். அதற்குப் பதில் வீட்டிலிருந்து அந்த வாய்க்கால் வரை, ஒரே பாதை, வாரம் இரண்டு நாள், காலை அரை மணி நேரம். அப்போதுதான் புரிந்தது: இந்த ஊரில் பறவை நாட்காட்டி என்பது தண்ணீர் நாட்காட்டி.

வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும். கல்லணைக்கு வந்து, பிரிந்து, வெண்ணாறு, வடவாறு, புதாறு என்று ஓடி நம் வாய்க்காலுக்கு வந்து சேரும். சேற்றுழவு ஓடும்போது டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் சின்னக்கொக்கும் வரிசை கட்டும். நடவு முடிந்து பயிர் வளர்ந்தால் அவை விலகி, கம்புள்கோழிக்கும் கதிர்க்குருவிக்கும் இடம் விடும். புரட்டாசி, ஐப்பசியில் தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்காரும். பொறி உள்ளான் வரப்போரச் சேற்றில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும். தை அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் ஈரம் காயாத வயலில் உளுந்து தெளிப்பார்கள். அறுத்த பிறகு அந்தத் திறந்த வெளியில் நெட்டைக்காலி, மஞ்சள் வாலாட்டி, தாழப் பறந்து எலி தேடும் பூனைப்பருந்து.

தண்ணீர் மாறினால் இதெல்லாம் மாறும். 2022இல் மேட்டூர் மே 24ஆம் தேதியே திறந்தது. 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. அந்த 2024 ஜூன், ஜூலையில் எங்கள் பாதையில் உழவுக் கொக்குகள் ஒன்றுகூடக் கிடையாது, கருவைப் புதரில் மைனாக்கள்தான். ஆனி மாதத்தில் கொக்கு இல்லாததுதான் அந்த வருஷத்தின் அசாதாரணம். வழக்கத்தை எழுதி வைக்காதவனுக்கு இது கண்ணிலேயே படாது.

பறவை மட்டும் இல்லை. மழைக்குப் பிறகு வாய்க்காலில் தண்ணிப்பாம்பு, குட்டையில் ஆமை, மதில்மேல் கீரிப்பிள்ளை எல்லாம் தினசரிக் குறிப்பில் உண்டு. ஒரே ஒரு நாள் விடியற்காலையில் வெண்ணாற்றுப் படுகையில் நீர்நாய் இரண்டு பார்த்தேன். கொள்ளிடத்திலும் காவிரிக் கிளைகளிலும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் அவை வாழ்கின்றன என்று படித்திருந்தேன். இருந்தாலும் தலையைத் தூக்கி நம்மைப் பார்த்துச் சீறும்போது நம்ப முடியவில்லை. அதையும் எந்த இடம் என்று எழுதப்போவதில்லை.

வீட்டுக்குள் வரும் விருந்தாளி

உங்கள் தெருவிலேயே ஒரு வினோதப் பறவை வருவதற்கு ரொம்ப வாய்ப்புள்ள மாதம் அக்டோபர். ஆறுமணிக் குருவி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கத்துவதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு வயிறு, வாலடியில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை, குட்டை வால். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டி, குளிருக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறந்து வரும் களைப்பில், விளக்கு வெளிச்சத்தில் குழம்பி, வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் விழுவது வருஷா வருஷம் நடக்கிறது.

போன வருஷம் எதிர்வீட்டுப் பெரியம்மா கூப்பிட்டார். "தம்பி, கெணத்தடியில கலர் கலரா ஒரு குருவி கெடக்கு, வந்து பாரு." அதே குருவிதான். அப்படி ஏதாவது வந்தால் செய்ய வேண்டியது சுலபம்: ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், ஒரு துணி விரித்து, இருட்டாக, பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். கூட்டமாக நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். காயம் இல்லையென்றால் சாயங்காலம் மரமும் புதரும் இருக்கிற பக்கம் திறந்துவிடுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பெரியம்மா வீட்டுக் குருவி ஐந்தே முக்காலுக்குப் பெட்டியிலிருந்து குதித்து, வாழைக்கொல்லைக்குள் ஓடிப்போனது.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது மூன்றுதான். பெயரைத் தேடுவதற்கு முன்னால் அலகு, கால், வால் மூன்றையும் எழுதுங்கள். அபூர்வம் என்று தோன்றினால், முதலில் அதே மாதிரி இருக்கும் சாதாரணப் பறவை எது என்று கேளுங்கள். மூன்றாவது, வயலில் வேலை செய்பவர்களிடம் பெயர் கேளுங்கள். நத்தையைக் குத்துவது, ஆறு மணிக்குக் கத்துவது, தூக்கணாங்கூடு கட்டுவது என்று பறவை செய்யும் காரியத்தை வைத்தே அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரிலேயே பாதி அடையாளம் இருக்கும்.

சத்திமுத்தக் குளக்கரை

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. பொங்கலை ஒட்டிய நாலு நாளும் யார் வேண்டுமானாலும் பதினைந்து நிமிஷமாவது பறவை பார்த்துப் பட்டியல் போடலாம். இந்த வருஷம் மாட்டுப்பொங்கல் அன்று காலையில் பஸ் பிடித்துக் கும்பகோணம் போய், அங்கிருந்து சத்திமுத்தம் போனேன். தன் மனைவியைப் பார்த்துச் சொல்லும்படி புலவர் நாரையைத் தங்கச் சொன்ன குளம் எதுவோ, அது இதுதானோ என்று கோயில் பக்கம் ஒரு குளக்கரையில் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம். மடையான் 4, முக்குளிப்பான் 2, நீலவால் பஞ்சுருட்டான் 3, வெண்மார்பு மீன்கொத்தி 1, பனங்காடை 1, மீசை ஆலா 2, இன்னும் காக்கை, மைனா, கிளி. வானத்தில் நத்தைகுத்திகள் பதினொன்று, வட்டமிட்டு ஏறின. ஒவ்வொன்றின் வாலையும் பைனாகுலரில் பார்த்தேன். எல்லாம் கறுப்பு.

பதினொன்று என்று பதிந்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு வாங்கிக்கொண்டு ஊர் வந்தேன். வாய்க்கால் கரை அக்காவுக்குப் பாதி.